ஓடைக் கமிட்டியின் கயிற்றுக் கட்டில்

1

இன்றிலிருந்து ஆறு நாளுக்குள் நான் ஒரு கயிற்றுக் கட்டிலைச் சர்க்காரிடம் ஒப்படைக்க வேண்டும். நான் இருப்பது பினாங்கில். கட்டில் இருப்பது பூந்தமல்லிக்கு மேற்கே, குத்தம்பாக்கத்துப் பக்கம். நடுவில் ஒரு கடல் கிடக்கிறது. அதைப் பற்றி உத்தரவில் ஒரு வார்த்தை இல்லை.

உத்தரவு போன வாரம் வந்தது. அது நேராக என்னிடம் வந்துவிடவில்லை. முதலில் ரங்கூன் போயிருக்கிறது. அங்கே என் பெயர் கொண்ட இன்னொருவர் பிரித்துப் படித்து, தன்னிடம் எந்தக் கட்டிலும் இல்லையென்று உறையின் முதுகிலேயே எழுதிக் கையெழுத்தும் போட்டிருக்கிறார். நியாயமான மனிதர். பிறகு அது மதராஸுக்குத் திரும்பி, மறுபடி கப்பலேறி, ஏழெட்டு முத்திரைகளோடு என் வாசலுக்கு வந்தது. விஷயம் இதுதான். பத்து வருஷத்துக்கு முன் ஓடையைக் கடப்பதற்காகப் பொதுஜனங்களுக்கு வழங்கப்பட்ட கயிற்றுக் கட்டில் ஒன்று, இப்போது அங்கே பாலம் கட்டியாகிவிட்டபடியால், உடனே திருப்பி அனுப்பப்பட வேண்டும். ரசீதில் கையெழுத்திட்டவன் நான். பதினைந்து நாள் தவணை. தவறினால் என் முதலாளிக்கு எழுதப்படும்.

என் மனைவி ராஜம் இரண்டு தடவை படித்துவிட்டு, இத்தனை வருஷமாக என்னிடம் சொல்லாமல் ஒரு கட்டிலை ஒளித்து வைத்திருந்தீர்களா என்று கேட்டாள். என் பெண் லலிதாவுக்கு ஏழு வயது முடியப்போகிறது. தமிழில் கேட்டால் மலாயில் பதில் சொல்வாள், மலாயில் கேட்டால் இங்கிலீஷில். அவள் கயிற்றுக் கட்டில் என்றால் என்ன என்று கேட்டாள். எங்கள் வீட்டில் இருப்பது இரும்பு ஸ்பிரிங் கட்டில். நாலு கால், நாலு சட்டம், நடுவே கயிறு என்று விளக்கினேன். கயிற்றின் மேல் படுத்தால் விழுந்துவிட மாட்டார்களா என்றாள். பின்னுகிற விதத்தைக் காகிதத்தில் வரைந்து காட்டினேன். அவளுக்கு அது டென்னிஸ் மட்டையாகத் தெரிந்தது.

அவளுக்குச் சொல்ல ஆரம்பித்ததைத்தான் இங்கே உங்களுக்கும் எழுதுகிறேன். அந்தப் பக்கத்துக்காரர்கள் யாராவது படித்தால், நான் கட்டிலைத் தூக்கிக்கொண்டு கப்பலேறியவன் இல்லை என்று நாலு பேரிடம் சொல்லவும்.

2

எங்கள் ஊருக்கும் சேரிக்கும் நடுவே ஒரு ஓடை. கோடையில் அதில் மணல்தான் ஓடும். ஐப்பசி பிறந்தால் இடுப்பளவு, சில நாள் கழுத்தளவு. சேரி அந்தக் கரை. பூந்தமல்லிக்குப் போகும் சாலை, கடைத்தெரு, ஆஸ்பத்திரி எல்லாம் இந்தக் கரை. ஊராரின் பாதி நிலமும் மல்லித் தோட்டங்களும் அந்தக் கரையில்தான்.

ஆகவே பாலம் எல்லோருக்கும் வேண்டியிருந்தது. வரதப்பன் என்ற குடியானவருக்கு நெல் வண்டி இந்தப் பக்கம் வர வேண்டும். பூந்தமல்லியில் பூ வியாபாரம் செய்த காதர் பாஷாவுக்கு மல்லி மொட்டு விரிவதற்குள் கடைக்கு வர வேண்டும். சேரியிலிருந்து வந்த முனுசாமிக்கு வண்டியும் இல்லை, தோட்டமும் இல்லை. அவன் மனைவி ஒரு கார்த்திகையில், பிரசவ வலியோடு, ஓடை வடியட்டும் என்று கரையில் காத்திருந்தே செத்துப்போனாள். அவனுக்கு ஒரே மகள், செல்லி. அவளையும் அப்படிக் கரையில் உட்கார வைக்கக் கூடாது என்பது ஒன்றுதான் அவன் கோரிக்கை.

தனித்தனியாக மூன்று தரப்பும் மனுப் போட்டுப் பார்த்தாகிவிட்டது. மூன்றும் திரும்பி வந்தன. சேர்ந்து போடலாம் என்று காதர் பாஷாதான் ஆரம்பித்தார். ஸ்கூல் பைனல் பாஸ் செய்துவிட்டு வேலையில்லாமல் திரிந்த என்னைப் பிடித்துக் காரியதரிசி ஆக்கினார்கள்.

சேர்ந்துவிட்டோம், எங்கே கூடுவது? ஊர்ச் சாவடியில் முனுசாமி ஏறக் கூடாது. சேரிக்கு வரதப்பன் போகமாட்டார். காதர் பாஷாவின் கடையில் கூடலாமென்றால், அங்கே இருந்த பெஞ்சு ஒன்று. அதில் யார் உட்காருவது, யார் நிற்பது என்று அரை நாள் பேசி வீடு திரும்பினோம். கடைசியில் ஓடைக்குள்ளேயே கூடுவது என்று முடிவாயிற்று. அது புறம்போக்கு, யாருக்கும் சொந்தமில்லை. மணலில் யாரும் உட்காராமல், எல்லோரும் சமமாக நின்றுகொண்டே பேசுவது என்று தீர்மானம் நிறைவேறியது. எங்கள் கமிட்டியின் முதல் தீர்மானமும் நெடுநாள் வரை ஒரே தீர்மானமும் அதுதான்.

மனுவில் யார் கையெழுத்து மேலே வருவது என்று அடுத்த தகராறு. காதர் பாஷா தன் கடைப் பூத்தட்டைக் காகிதத்தில் கவிழ்த்து வட்டம் போட்டுக் கொடுத்தார். வட்டத்தைச் சுற்றி எல்லோரும் கையெழுத்திட்டோம், முனுசாமி ரேகை வைத்தான். மேலும் இல்லை, கீழும் இல்லை. ஒரு மாதம் கழித்து ஆபீசிலிருந்து பதில் வந்தது. மனுவின் தலைப்பக்கம் எது என்று தெரிவிக்கும்படி கேட்டிருந்தார்கள்.

3

தலைப்பக்கத்தை நாங்கள் தெரிவிப்பதற்குள் மழை பிடித்துக்கொண்டது. மழைக்காகக் கூட்டத்தை வேறிடத்துக்கு மாற்றலாமென்றால் பழைய தகராறு மறுபடி கிளம்பும். ஆகவே அந்த ஐப்பசிக் கூட்டம் ஓடைத் தண்ணீரிலேயே நடந்தது. முழங்காலுக்கு மேல் தண்ணீர். வரதப்பன் வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு பேசினார். காதர் பாஷா குடையை எல்லோர் தலைக்கும் முறை வைத்துப் பிடித்தார்.

எனக்கு அன்று உடம்பெல்லாம் சிலிர்த்தது, குளிரால் மட்டுமல்ல. ஊரும் சேரியும் பூந்தமல்லிக் கடைத்தெருவும் ஒரே தண்ணீரில் நிற்பதை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. வீட்டுக்கு வந்து, எனக்குத் தெரிந்த நல்ல வார்த்தையெல்லாம் போட்டு நடவடிக்கைக் குறிப்பு எழுதினேன். "ஊரார், சேரியார், வியாபாரிகள் ஆகிய சகலரும் ஓடை நீரில் ஒன்றாக நின்று, இரண்டு மணி நேரம், யாதொரு சிரமமுமின்றி, ஒற்றுமையுடன் விவாதித்தனர்." அதன் நகலை மனுவோடு இணைத்து அனுப்பினேன். அனுப்பச் சொல்லி யாரும் கேட்கவில்லை. என் எழுத்தின் அழகை ஆபீசிலும் யாராவது பார்க்கட்டும் என்ற ஆசை.

பார்த்தார்கள். தை மாதம் பதில் வந்தது. இத்தனை பேர் இரண்டு மணி நேரம் யாதொரு சிரமமுமின்றி நிற்கக்கூடிய ஓடைக்குப் பாலம் அவசியமில்லை.

மணலில் நின்று அதைப் படித்துக் காட்டினேன். வரதப்பன் என்னை வைத்த திட்டை இங்கே எழுத முடியாது. முனுசாமி திட்டவில்லை. இன்னொரு தடவை படிக்கச் சொல்லிக் கேட்டான். பிறகு தலையை ஆட்டினான்.

"நீங்க நல்லாத்தான் எய்திகிறீங்க, ஆண்டே. அவுரு அத்த நல்லாவே பட்ச்சிட்டாரு."

இந்தப் பத்து வருஷத்தில் எத்தனையோ பேர் என்னைக் கடிந்திருக்கிறார்கள். அந்த வார்த்தைதான் இன்னும் உறுத்துகிறது.

4

நடுவில் இங்கத்திய சங்கதி ஒன்று. நான் கட்டிலைக் கொண்டு வரவில்லை என்று துறைமுகத்து ஆபீசில் ஒரு சர்ட்டிபிகேட் வாங்கி அனுப்பிவிட்டால் பிரச்சினை தீருமென்று நான் வேலை செய்யும் கிடங்கு முதலாளியின் கணக்குப்பிள்ளை யோசனை சொன்னார். அரை நாள் லீவு எடுத்துக்கொண்டு போனேன்.

அங்கே இருந்த மலாய்க்கார குமாஸ்தாவிடம் எனக்குத் தெரிந்த மலாயில் விளக்கினேன். கயிறு கட்டியது, நாலு பேர் தூக்குவது, மேலே ஆள் படுப்பது, அதை நான் கப்பலில் கொண்டு வரவில்லை என்றேன். அவர் முகம் வெளுத்து, போலீசுக்குச் சொல்லியாயிற்றா என்று மெதுவாகக் கேட்டார். படம் வரைந்து காட்டிய பிறகுதான் நிம்மதியானார்.

ஒரு பொருளைக் கொண்டு வந்ததற்கும் கொண்டு வராததற்கும் ஒரே விண்ணப்பப் பாரம்தான் என்றார். அதில் நீளம், அகலம், எடை எல்லாம் எழுத வேண்டும். எழுதினேன். கடைசியில், கொண்டு வராத பொருளைப் பரிசோதனைக்காக ஆபீசுக்கு எடுத்து வர வேண்டும் என்று ஒரு வரி இருந்தது. வீடு திரும்பினேன்.

லலிதா தன் சிநேகிதிகளிடம் அப்பா ஊரில் ஒரு கட்டிலைத் திருடிவிட்டார் என்று சொல்லி வைத்திருக்கிறாள். எதிர்வீட்டுச் சீனக் கிழவர் என்னைப் பார்த்தால் இப்போது தன் வாசல் பெஞ்சியை உள்ளே எடுத்துப் போகிறார்.

5

மறுபடி ஊர்க் கதை. நான் செய்த தவறுக்குப் பிராயச்சித்தமாகக் கோடை முழுக்க மனு எழுதினேன். இந்தத் தடவை அழகான வார்த்தை ஒன்றுகூட இல்லை. ஆவணியில் நாலு நாள் நல்ல மழை பெய்து ஓடை தொடையளவுக்கு ஓடியபோது, ஒரு ஓவர்சியர் நேரில் பார்க்க வந்தார்.

அவர் அந்தக் கரையைப் பார்க்க வேண்டும், பூட்ஸ் நனையக் கூடாது. வரதப்பன் வீட்டிலிருந்து கட்டில் வந்தது. ஓவர்சியர் அதில் ஏறி உட்கார்ந்தார். தூக்க ஆள் அமர்த்தியிருக்கலாம். ஆனால் கமிட்டியின் விருந்தாளியைக் கமிட்டிதான் தூக்க வேண்டும் என்று வரதப்பன் சொல்லிவிட்டார். தரப்புகள் மூன்று, கட்டில் கால்கள் நான்கு. நாலாவது கால் யாருக்கு என்று பேச்சு வளர்ந்தது. ஓவர்சியர் கட்டிலில் உட்கார்ந்தபடியே கேட்டுக்கொண்டிருந்தார். காரியதரிசி எந்தத் தரப்பும் இல்லை என்று முடிவாகி, நாலாவது கால் எனக்கு வந்தது. முன்னால் முனுசாமியும் நானும், பின்னால் வரதப்பனும் காதர் பாஷாவும். காதர் பாஷா நெட்டை, வரதப்பன் குட்டை. ஓவர்சியர் சாய்ந்தபடி போய்ச் சாய்ந்தபடி திரும்பி வந்தார். பூட்ஸ் நனையவில்லை.

மூன்றே வாரத்தில் உத்தரவு வந்தது. அந்த ஆபீசின் சரித்திரத்திலேயே அவ்வளவு சீக்கிரம் எதுவும் வந்திருக்காது. ஓடையைப் பாலமில்லாமல் கடக்க ஒரு நல்ல ஏற்பாடு இருப்பதை ஓவர்சியர் நேரில் கண்டார். ஆனால் அந்த ஏற்பாடு ஒரு தனி மனிதரின் சொத்தாக இருப்பது பொது நியாயத்துக்குப் பொருந்தாது. ஆகவே பொதுஜன உபயோகத்துக்கென்று ஒரு கட்டில் வழங்கப்படுகிறது. கீழே சிவப்பு மையில் விதி: ஜாதி மத பேதமின்றிச் சகலரும் இதை உபயோகிக்கலாம், எவரும் எவரையும் தடுக்கக் கூடாது.

புரட்டாசியில் ஒரு வண்டியில் கட்டில் வந்து இறங்கியது. காலில் நம்பர் போட்டிருந்தது. நான் ரசீதில் கையெழுத்துப் போட்டேன்.

முனுசாமி அதைச் சுற்றி வந்து பார்த்தான். அப்போது செல்லிக்குக் கல்யாணமாகி, வேப்பம்பட்டிலிருந்து தலைப்பிரசவத்துக்கு அப்பன் வீட்டுக்கு வந்திருந்தாள். கார்த்திகையில் பிரசவம் என்று கணக்கு.

"பாலம் கேட்டோம். பாடை அனுப்பிகிறாங்க," என்றான்.

கட்டிலைச் சுற்றியே வெகுநேரம் நின்றோம். வயதில் மூத்த வரதப்பனுக்குக் கால் கடுத்தது. அவர் கட்டிலைப் பார்த்தார், முனுசாமியைப் பார்த்தார், என்னைப் பார்த்து அந்தச் சிவப்பு மை விதியைப் படிக்கச் சொன்னார். படித்தேன். சர்க்கார் ரூல் என்றால் மீற முடியாது இல்லையா என்று கேட்டார். முடியாது என்றேன். யார் முதலில் உட்காருவது என்ற கேள்வி வருவதற்குள் காதர் பாஷா ஒன்று, இரண்டு, மூன்று எண்ணினார். நாலு பேரும் நாலு சட்டத்தில் ஒரே சமயத்தில் உட்கார்ந்தோம், முகம் நாலு திசையிலும், முதுகுகள் நடுவிலுமாக. கமிட்டி முதல் தடவையாக உட்கார்ந்து பேசியது அன்றுதான். யார் முகத்தையும் யாரும் பார்க்காமல் நன்றாகவே பேசினோம்.

6

கார்த்திகையில் ஓடை இடுப்புக்கு வந்துவிட்டது. செல்லிக்கு வலி எடுத்து ஒரு ராத்திரி, ஒரு பகல், இன்னொரு ராத்திரியும் போயிற்று. விடிந்ததும் சேரி மருத்துவச்சி அஞ்சலை, இனி தன் கையில் இல்லை, ஆஸ்பத்திரிக்குத் தூக்குங்கள் என்று சொல்லிவிட்டாள். கட்டில் மாதம் ஒருவர் வீட்டில் என்ற முறைப்படி அப்போது என் வீட்டில் இருந்தது. முனுசாமி அக்கரையிலிருந்து கத்தியது கேட்டு அதை நான் தலையில் வைத்துக்கொண்டு ஓடினேன். காதர் பாஷா பூவுக்காக விடியலிலேயே கரைக்கு வந்திருந்தார். வரதப்பன் மாட்டுக்கொட்டகையிலிருந்து வந்தார்.

வந்தவர் கட்டில் அருகே நின்றுவிட்டார். சேரிப் பெண்ணைத் தோளில் சுமப்பது அந்த ஊரில் யாரும் செய்யாத காரியம். நாளை ஊரில் நாலு பேர் கேட்பார்கள். தண்ணீரில் இறங்கி இக்கரைக்கு வந்துவிட்ட முனுசாமி அவரைக் கெஞ்சவில்லை, பார்த்துக்கொண்டே இருந்தான். வரதப்பன் என் பக்கம் திரும்பினார்.

"அந்த ரூலை ஒருதரம் சொல்லு தம்பி."

மழையில், மனப்பாடமாக, ஜாதி மத பேதமின்றி என்று ஆரம்பித்து எவரும் எவரையும் வரை சொன்னேன். அவர் கவனமாகக் கேட்டார்.

"சர்க்கார் ரூலு. நாம இன்னா பண்றது. தூக்கு," என்று சொல்லிவிட்டுத் கட்டிலில் தன் பங்குக் காலைப் பிடித்தார்.

அக்கரை போய்ச் செல்லியைப் படுக்க வைத்துத் திரும்பினோம். அஞ்சலை கட்டிலைப் பிடித்துக்கொண்டு கூடவே தண்ணீரில் வந்தாள். ஓவர்சியரைச் சாய்த்த அதே நெட்டையும் குட்டையும் இப்போதும் கட்டிலைக் குலுக்கின. அந்தக் குலுக்கலில்தானோ என்னவோ, சரியாக நடு ஓடையில் செல்லி அலறினாள். அஞ்சலை எங்களை நிற்கச் சொன்னாள்.

"நாலு பேரும் மூஞ்சிய அந்தாண்ட திருப்பிக்கினு நில்லுங்க. எவனாச்சும் ஆடுனீங்க, கொன்னுடுவேன்."

நின்றோம். நாலு முகமும் நாலு திசை. தண்ணீர் இடுப்பைத் தள்ளியது. தோள் மரத்துப் போயிற்று. வரதப்பன் எட்டாத உயரத்துக்குக் குதிகாலைத் தூக்கிக்கொண்டு நின்றார். காதர் பாஷா முழங்காலை மடக்கி அவருக்குச் சமமாக இறங்கினார், ஓதிக்கொண்டே இருந்தார். முனுசாமியின் முதுகு நடுங்கியதைச் சட்டத்தின் வழியாக என் தோள் உணர்ந்தது. எனக்கு அழுகை வந்தது. துடைக்கக் கை இல்லை. எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியாது. இரண்டு மணி நேரம் இருந்திருக்கும் என்று பிறகு சொல்லிக்கொண்டார்கள். யாதொரு சிரமமுமின்றி என்று நான் ஒரு காலத்தில் எழுதியதை அப்போது நினைத்துக்கொண்டேன்.

குழந்தை அழுதது. பெண் என்றாள் அஞ்சலை, தாய் பிழைத்தாள் என்றும் சொன்னாள். முனுசாமி திரும்பாமலே பேசினான். அதுவரை ஊராரை ஆண்டே என்று மட்டும் கூப்பிட்டவன்.

"அண்ணாத்தே, கால் நோவுதா?"

"இல்ல," என்றார் வரதப்பன். பொய்.

7

மறு வருஷம் எனக்கு இங்கே வேலை கிடைத்துக் கப்பலேறினேன். உத்தரவு வந்த அதே கப்பலில் காதர் பாஷாவின் கடிதமும் வந்திருந்தது. பாலம் ஒருவழியாக முடிந்துவிட்டதாம், வண்டி போகிறது, பூ நேரத்துக்கு வருகிறது. எல்லாம் நல்ல சேதி. பிறகு எழுதியிருக்கிறார்: பாலம் வந்ததும் ஒருவரை ஒருவர் பார்க்க வேண்டிய வேலையே இல்லாமல் போய்விட்டது, தம்பி. வரதப்பன் வீட்டோடு இருக்கிறார். முனுசாமி எப்போதாவது பாலத்தில் எதிர்ப்பட்டால் நின்று பேசுகிறான், வண்டி வந்தால் விலகிவிடுகிறான். கட்டில் என் ஓடைக்கரைப் பூக்கிடங்கில் சும்மாக் கிடக்கிறது, ஆபீசில் கேட்கிறார்களே, கொடுத்துவிடட்டுமா?

நடு ஓடையில் பிறந்த பெண்ணுக்கு இப்போது பத்து வயது, லலிதாவைவிட மூன்று வயது மூத்தவள். பெயர் கன்னியம்மா. தெருவில் யாரும் அப்படிக் கூப்பிடுவதில்லை, கமிட்டி என்றுதான் கூப்பிடுகிறார்களாம். பாலத்தின் மேல் நடந்து பள்ளிக்கூடம் போகிறாள்.

பாலம்தான் நாங்கள் கேட்டது, அது கிடைத்தது. ஆனாலும் கடிதத்தைப் படித்து எனக்கு வருத்தமாக இருந்தது, கோபமாகவும் இருந்தது. இரண்டு ராத்திரி யோசித்து நேற்று ஆபீசுக்குப் பதில் எழுதினேன். அழகு வார்த்தை எதுவும் இல்லை. மேற்படி கட்டில் தனிப்பட்ட என்னிடம் அல்ல, கமிட்டியிடம் ஒப்படைக்கப்பட்டது. அதைத் திருப்பித் தருவதென்றால் கமிட்டி கூடித் தீர்மானிக்க வேண்டும். கமிட்டி சமமாக உட்கார்ந்து கூடுவதற்கு இருக்கும் ஒரே இடம் மேற்படி கட்டில். ஆகவே தீர்மானமாகும் வரை கட்டில் கமிட்டிக்குத் தேவைப்படுகிறது. தீர்மானம் எப்போது ஆகும் என்பதை, கமிட்டியின் வழக்கத்தை முன்னிட்டு, இப்போதே சொல்வதற்கில்லை.

காகிதத்தின் அடியில் ராஜத்தின் சாப்பாட்டுத் தட்டைக் கவிழ்த்து வட்டம் போட்டேன். சுற்றிலும் கையெழுத்துக்குக் கோடுகள் இழுத்து, ஒன்றில் என் கையெழுத்தைப் போட்டேன். மற்றவர்கள் போட வேண்டும். அதற்கு அவர்கள் ஒரே இடத்தில் கூடியாக வேண்டும். காதர் பாஷாவுக்கு அனுப்பப் போகிறேன், கூட்டம் கட்டிலின் மேல்தான் நடக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு.

லலிதா எட்டிப் பார்த்து, வட்டத்தில் இடங்களை எண்ணினாள். மலாயில்தான் எண்ணினாள். நாலு பேருக்கு ஏன் ஐந்து கோடு என்று கேட்டாள்.

ஐந்தாவது கோடு நடு ஓடையில் பிறந்த கமிட்டிக்கு, அவள் தாத்தாவைப் போல ரேகை வைக்க வேண்டியதில்லை, அவளுக்கு எழுதத் தெரியும் என்றேன்.